24,500 ரூபாய் மோட்டாரும் அறுபது நாள் செக்கும்

வணக்கம், வணக்கம். பின்னால் துணிப்பை தைக்கிற மெஷின் ஓடுகிறது, கேட்கிறதா? கேட்காது! "அண்ணா, அந்த இரைச்சலில் நீங்கள் கதைப்பது ஒன்றும் விளங்கவில்லை" என்று கமெண்ட் போட்டவர்களுக்காகவே இந்த வீடியோ. மற்ற மூன்று மெஷினையும் இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன், அது வேறு கதை.

இந்த ஒன்றுக்கு இரைச்சல் போடாத சர்வோ மோட்டார் பூட்டியாச்சு. பழையது ஸ்விட்சைப் போட்டால் தைத்தாலும் தைக்காவிட்டாலும் சுற்றிக்கொண்டே இருக்கும், என்னிடம் தைக்கிற அக்கா ஊசியில் நூல் கோர்க்கும்போதும் கரண்ட் பில் ஏறும். இது பெடலை மிதித்தால்தான் சுற்றும். கொழும்பு புறக்கோட்டைக் கடையில் 26,000 சொன்னார்கள். ஒரு மணித்தியாலம் நின்றேன், இரண்டு பிளேன்டீ குடித்தேன், 24,500க்கு இறக்கினேன். 1,500 ரூபாய் வெற்றி! கொட்டாஞ்சேனைக்குத் திரும்ப திரீவீலருக்கு எவ்வளவு கொடுத்தேன் என்று கேட்காதீர்கள். சொல்ல மறந்துவிட்டேன், பழைய பெல்ட் நீளம் பொருந்தவில்லை, அதற்கு வேறு 650.

நான்குக்கும் ஒரேயடியாக வாங்கினால் என்ன என்பீர்கள். 2025 நவம்பர் 1 முதல் கடைகளில் பொலிதீன் பையைச் சும்மா கொடுக்கக் கூடாது என்று ஆனதும் எனக்கு ஓடர் வந்தது உண்மை, வெள்ளவத்தைக் கடை ஒன்று 800 பை கேட்டது. ஆனால் முதலாளி தந்தது அறுபது நாள் கழித்துத் திகதி போட்ட செக். கன்வஸ் கடைக்காரரோ கையில் காசு வைத்தால்தான் துணியை வெட்டுவார். அதற்கு மேல் 18 வீத வற், அதாவது பெறுமதி சேர் வரி, வேறு. பதிவு செய்த பெரிய கொம்பனி, தான் வாங்கும்போது கட்டிய வற்றைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும், பதிவில்லாத என் போன்றவனுக்கு அது அப்படியே செலவு. பிறகு அந்த நொன்வூவன் பையோடு விலையில் போட்டி போட வேண்டும். பார்த்தால் துணி, உண்மையில் பொலிபுரொப்பிலீன், பிளாஸ்டிக்! அதைச் "சூழலுக்கு நல்லது" என்று விற்கிறார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனாலும் 2022 இல்லை இது. அப்போது 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளில் அம்மாவின் கால் மெஷினை இறக்கித் தைத்த வீடியோ நினைவிருக்கும். டொலர் 200இல் இருந்து 360க்கு ஏறிய வருடம், நூல் விலை கேட்டாலே தலை சுற்றியது.

சரி, மோட்டாருக்கு வருவோம். தைக்கிற அக்கா ஒரு பை தைத்துவிட்டு "தம்பி, இது மாட்டு வண்டில் மாதிரிப் போகுது" என்று எழும்பிவிட்டார். வேகத்தைக் கூட்டலாம், பட்டன் இருக்கிறது, ஆனால் கையேடு முழுக்கச் சீன மொழி. இதோ பெட்டியைக் கிட்டக் காட்டுகிறேன், இதே மோட்டார் வைத்திருப்பவர்கள் எந்தப் பட்டன் என்று கீழே போடுங்கள், நாளைக் காலை எட்டு மணிக்கு அக்கா வந்துவிடுவார்.