சுவரில் ஓட்டை இருக்கிறதா? ஒரு வார்டு உறுப்பினரின் சந்தேகத்துக்கு விளக்கம்

எல்லோருக்கும் வணக்கம். இந்த வாரம் பத்துப் பதினைந்து கேள்விகள் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் கட்டட அனுமதி பற்றியவை. அதற்கு முன்பே இரண்டு காணொளியில் பதில் சொல்லியாகிவிட்டது, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கேள்விதான் மூன்று நாளாக என் தலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. நம் நீலகிரியிலேயே ஒரு பேரூராட்சியில் வார்டு உறுப்பினராக இருக்கும் ஒரு அம்மா எழுதியது. அப்படியே வாசிக்கிறேன்.

"ஐயா, காலநிலை மாற்றம் பற்றி ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முடியும்போது ஒரு படிவம் கொடுத்து, உங்கள் வார்டுக்கான தகவமைப்புத் திட்டத்தை எழுதித் தாருங்கள் என்றார்கள். உலக நாடுகள் கூடிப் பேசியே தீராத விஷயம். ஒரு தெருவிளக்கு மாற்ற நான் நாலு தடவை ஆபீசுக்கு நடக்கிறேன். நான் இதில் என்ன எழுதுவது?"

அம்மா, உங்கள் கேள்வியில் இருக்கும் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் படிவத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் அந்த வார்த்தையைப் பார்ப்போம்.

இரண்டு வார்த்தைகள் எப்போதும் சேர்ந்தே வரும்: தணிப்பு, தகவமைப்பு. கரிப்புகையைக் குறைப்பது, சூடு ஏறாமல் பார்த்துக்கொள்வது, இதெல்லாம் தணிப்பு. நாடுகள் கூடிப் பேசுவது பெரும்பாலும் அதைத்தான். சூடு ஏறத்தான் போகிறது, மழை முறை தவறத்தான் போகிறது, அதற்குள் நாம் எப்படிப் பிழைப்பது என்பது தகவமைப்பு. இதை யாரும் உங்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்போது இளம் தேயிலைச் செடி கருகாமல் இருக்கத் தாகைச் செடியை வெட்டிவந்து மூடுகிறோமே, அதுதான் தகவமைப்பு. பனியை நிறுத்த நம்மால் முடியாது, செடியை மூட முடியும். எந்தச் சரிவில் பனி முதலில் இறங்கும் என்று தோட்டக்காரருக்குத் தெரியும், தலைநகரத்தில் இருப்பவருக்குத் தெரியாது. ஆகவே இந்த வேலை உள்ளாட்சியின் கைக்குத்தான் வரும், வந்தாக வேண்டும்.

சரி, இப்போது என் சுவர் கதை. பழைய நேயர்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. கேட்டவர்கள் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

2009 நவம்பர். நான் அப்போது ஒரு பேரூராட்சியில் பொறியியல் பிரிவில் வேலை பார்த்தேன். எந்தப் பேரூராட்சி என்பது வேண்டாம். அந்த நவம்பர் 10ஆம் தேதிக் கணக்கில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே சுமார் 140 சென்டிமீட்டர்தான். அதில் பாதிக்கு மேல் ஒரு நாளில், ஒரு பள்ளத்தாக்கில் கொட்டியது. குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கம் மண் சரிந்து அந்த நாட்களில் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

எங்கள் எல்லைக்குள் ஒரு தடுப்புச்சுவர். பன்னிரண்டு அடி உயரம், கான்கிரீட், கட்டி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. அது மல்லாக்கச் சாய்ந்து கீழே இருந்த வீட்டுச் சமையலறையில் கிடந்தது. ஆட்கள் முன்பக்க அறையில் இருந்ததால் பிழைத்தார்கள். அதை ஒட்டியே அந்தக் காலத்துத் தோட்டத்துச் சுவர் ஒன்று. சாந்து கிடையாது, வெறும் கல்லை அடுக்கியது. ஒரு கல்கூட அசையவில்லை.

காரணம் எளிது. மலையில் சுவரைத் தள்ளுவது மண் மட்டுமில்லை, மண்ணுக்குள் நிற்கும் தண்ணீர்தான் பெரிதாகத் தள்ளும். கல்லடுக்குச் சுவரில் எல்லா இடுக்கிலும் தண்ணீர் கசிந்து வெளியே வந்துவிடும். கான்கிரீட் சுவரில் அதற்காகத்தான் வரிசையாகக் குழாய்த் துளை விடுகிறோம், பின்பக்கம் சல்லி போட்டு. இந்தச் சுவரிலும் துளை விட்டோம். போய்ப் பார்த்தால் கீழ்வரிசை முழுக்கச் சிமென்ட் பூசி அடைத்திருந்தது. அந்த வீட்டு அக்காதான் அடைத்திருக்கிறார். அவர் மேல் என்ன தப்பு? குழாயிலிருந்து ஓயாமல் தண்ணீர் சொட்டி முற்றத்தில் பாசி பிடித்து, பிள்ளை வழுக்கி விழுந்து கை உடைந்திருக்கிறது. மேல்வரிசையில் குழாய் திறந்துதான் இருந்தது, ஆனால் குச்சி விட்டுப் பார்த்தால் நாலு விரற்கடைக்கு மேல் போகவில்லை. பின்னால் சல்லியே இல்லை, களிமண். அளவுப் புத்தகத்தில் "சல்லி நிரப்பியது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். போய்ப் பார்க்காமல் போட்ட கையெழுத்து. அந்தச் சமையலறையில் யாராவது நின்றிருந்தால் நான் இன்று இங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

அதனால்தான் யார் என்ன கேட்டாலும் நான் "சுவரில் ஓட்டை இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்கிறேன். கேலி செய்கிறீர்கள், செய்யுங்கள். ஆனால் உங்கள் படிவத்துக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

பத்து வருடம் கழித்து, 2019 ஆகஸ்டில், மாவட்டத்தின் மறுபக்கம் அவலாஞ்சியில் ஒரு நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அதே ஆகஸ்ட் 8ஆம் தேதிதான் வயநாட்டில் புத்துமலை சரிந்தது. 2024 ஜூலை 30 விடிவதற்குள் அதே வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் போயின. வயநாட்டை ஒட்டி இருக்கும் நம் பந்தலூர்க்காரர்களுக்கு அது வெளியூர்ச் செய்தி இல்லை. சொந்தக்காரர்கள் அங்கே, வேலை அங்கே.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், நம் மாவட்டம் சின்னதுதான், ஆனால் மழை ஒரே மாதிரி பெய்யாது. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிக்குத் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்கு. ஒரு மலை தாண்டினால் வேறு கணக்கு. மாவட்டத்துக்கே ஒரு திட்டம் எழுதி எல்லோருக்கும் நகல் எடுத்துக் கொடுத்தால் அது யாருக்கும் பொருந்தாது. ஒவ்வொரு பருவமழைக்கு முன்னாலும் மாவட்டத்தில் 283 அபாய இடங்கள் என்று சொல்கிறார்களே, அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் வார்டில் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் பட்டியலில் இல்லாத இடங்களை நீங்கள் எழுதுங்கள்.

எப்படி எழுதுவது? மழை கொட்டும்போது குடை பிடித்துக்கொண்டு வார்டைச் சுற்றி வாருங்கள். வெயில் காலத்தில் போனால் ஒன்றும் தெரியாது. மேலே எஸ்டேட் ரோட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் எந்த மோரியில், அதாவது எந்த வடிகாலில் நுழைகிறது, மோரி அடைத்திருந்தால் யார் வாசலுக்குப் போகிறது, எந்தச் சுவரில் துளை சொட்டுகிறது, எதில் சொட்டவில்லை. சொட்டாத சுவருக்குத்தான் பயப்பட வேண்டும். அந்தச் சுவருக்குக் கீழே யார் படுத்துத் தூங்குகிறார்கள், அதில் நடக்க முடியாத பெரியவர் யாராவது உண்டா, இரவு இரண்டு மணிக்கு அவரைத் தூக்கிக்கொண்டு எந்தப் படியில் ஏறுவது. இதை எழுதுங்கள். பயிற்சிப் பட்டறைக்குப் போய் வந்தவர்கள் இதற்கு "பாதிப்புக்குள்ளாகும் தன்மை மதிப்பீடு" என்று பெயர் சொல்வார்கள். பெயர் என்னவாக இருந்தால் என்ன.

அடுத்தது வயல், சேறு. பள்ளத்தில் எப்போதும் ஈரமாக, கால் வைத்தால் புதைகிற இடங்கள் இருக்குமே, அந்தச் சதுப்புநிலம்தான் நம் மலையின் பஞ்சு. சோலையும் புல்வெளியும் உறிஞ்சிய மழையை மெதுவாக விட்டுக்கொண்டே இருப்பது அது. அதை மண் போட்டு மேடாக்கி மனை போட்டால் மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர், கோடையில் குழாயில் காற்று. இரண்டும் ஒரே தப்பின் இரண்டு முகம். வீடு கட்டக் கேட்கும் கோப்பு முதலில் வந்து நிற்பது உள்ளாட்சி அலுவலகத்தில்தான். சேற்றை வரைபடத்தில் குறித்துவைத்திருந்தால் அதிகாரி "பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதிகாரி என்று என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கோடையைச் சொன்னதால் ஒன்று. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் வெயில் 29 டிகிரியைத் தொட்டது, அது ஒரு சாதனை. ஊட்டிக்குத் தண்ணீர் தருவது பார்சன்ஸ்வேலி, மார்லிமந்து, டைகர்ஹில், கோடப்பமந்து என்று மலை மடிப்பில் இருக்கும் சின்ன அணைகள். அவை இறங்கிக் கிடக்கும் ஏப்ரல், மேயில்தான் மலர்க்கண்காட்சி, லட்சக்கணக்கில் கூட்டம். உயர் நீதிமன்றம் சொல்லி அந்த மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அதைப் போக்குவரத்து நெரிசல் விஷயமாகவே எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் அது தண்ணீர் விஷயம். சரி, அது தனிக் காணொளி.

காசுக்கு எங்கே போவது என்பீர்கள். அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிக்கு 18 இனங்களைப் பட்டியல் போட்டிருக்கிறது, 12ஆவது அட்டவணை. நிலப் பயன்பாடு, குடிநீர், சுற்றுச்சூழல் எல்லாம் அதில் உண்டு. அதிகாரத்தைப் போல் காசு முழுசாக வரவில்லை, அது உண்மை. ஆனால் 2021 முதல் 2026 வரைக்குமான பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, துப்புரவுக்கென்றே ஒதுக்கியது. ஊற்றைச் சுத்தம் செய்வதும் குப்பை மோரியை அடைக்காமல் பார்ப்பதும் அதற்குள் வராதா? "காலநிலை" என்று தனித்தலைப்பில் பணம் வரும் வரைக்கும் உட்கார்ந்திருக்காதீர்கள். நடக்கிற வேலையை ஒழுங்காக நடத்துவதிலேயே பாதித் தகவமைப்பு முடிந்துவிடும். சுவர் கட்டும்போது சல்லி போட்டார்களா என்று பின்னால் எட்டிப் பார்க்கச் செலவு ஒன்றும் இல்லை.

உண்மையைச் சொல்லட்டுமா? அந்த அம்மா "என்ன எழுதுவது" என்று கேட்டதற்குப் பதில் "எதில் எழுதுவது" என்று கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். ஏனென்றால் அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது: ஒரு நோட்டில்.

எஸ்டேட் ஆபீஸ்களில் மழை நோட்டு பார்த்திருக்கிறீர்களா? என் மாமா ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளார்க்காக இருந்தார். தினமும் காலையில் பேக்டரி முற்றத்து மழைமானியை எடுத்து, கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, "மூணு இஞ்ச் நாற்பது செண்ட்" என்று சொல்லிக்கொண்டே எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி எதுவும் கிடையாது. மழை இல்லாத நாளில் ஒரு கோடு. எந்த வாரம் உரம் போடலாம், எப்போது செடியைக் கவாத்து வெட்டலாம் என்பதெல்லாம் அந்த நோட்டைப் பார்த்துத்தான். ஒரு தோட்டம் தன் செடிக்காக மழையை எழுதி வைக்கிறது. இத்தனை ஆயிரம் பேருக்குப் பொறுப்பான நம் பேரூராட்சிகளில், நான் வேலை பார்த்த எதிலும் அப்படி ஒரு நோட்டு இருந்ததில்லை.

வயநாட்டில் ஹியூம் மையம் என்ற அமைப்பு ஊர்க்காரர்களைக் கொண்டே பல இடங்களில் மழையை அளந்துவருகிறது. முண்டக்கை சரிவதற்கு முந்தைய நாளே அவர்கள் எச்சரித்தார்கள் என்று செய்தி வந்தது. எச்சரிக்கையை அடுத்து என்ன நடந்தது என்பது வேறு விவாதம். எச்சரிக்க முடிந்தது என்பதைப் பாருங்கள். பக்கத்து ஊரில் 10 சென்டிமீட்டர் என்று வானொலி சொல்லும்போது உங்கள் சரிவில் 30 பெய்திருக்கலாம். அது உங்கள் ஊர் மழைமானிக்குத்தான் தெரியும்.

ஆகவே அம்மா, பள்ளிக்கூடத்தில் ஒன்று, அங்கன்வாடியில் ஒன்று, மேல்ஹட்டியில், அதாவது மேலே இருக்கும் குடியிருப்பில், யாராவது பொறுப்பான வீட்டில் ஒன்று, மூன்று மழைமானி. பக்கத்து எஸ்டேட்டில் பழைய நோட்டைக் கேளுங்கள், கொடுப்பார்கள், ஒரு டீயும் கொடுப்பார்கள். இந்த மழைக்கு எந்தச் சுவர் விழுந்தது, எந்தத் தெருவில் தண்ணீர் ஏறியது என்று அந்தத் தேதிக்குப் பக்கத்தில் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். இரண்டு பருவமழை போனால், நோட்டு எத்தனை காட்டும்போது யார் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று உங்களுக்கே ஒரு எண் கிடைத்துவிடும். அதைப் படிவத்தில் எழுதுங்கள். கட்டம் போதாவிட்டால் பின்பக்கம் எழுதுங்கள்.

காலை எட்டரைக்கு அளந்து எழுதுங்கள், வானிலைத் துறை கணக்கும் அந்த நேரம்தான். மழைமானியை மரத்தடியிலும் வைக்காதீர்கள், கூரை ஓரத்திலும் வைக்காதீர்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் தகரக்கூரைத் தண்ணீர் நேராக விழும் இடத்தில் வைத்துவிட்டு, தினமும் அவலாஞ்சியை மிஞ்சிய மழை என்று எனக்குப் போன் செய்தார்கள்.

கொடைக்கானலிலிருந்து ஏரியைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார், அதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்.