எட்டரைச் சாப்பாடு, ஒன்பது மணிக் கம்பளி: இரவு நெஞ்செரிச்சல் ஏன் வருகிறது?

[காட்சி: குன்னூர், மாலை ஆறு மணி. மூடுபனி. டீக்கடை மேசையில் கண்ணாடி டம்ளர், தட்டில் வர்க்கி.]

வணக்கம். நீலகிரியில் இந்த நேரத்துக்குச் சூடான டீயில் வர்க்கியை நனைக்காத ஆள் குறைவு. ஒன்று என்று எடுத்தால் நாலு போகும். எட்டரைக்குச் சாப்பாடு. குளிர் தாங்காமல் ஒன்பதுக்கெல்லாம் கம்பளிக்குள் போய்விடுவோம். பதினொரு மணிக்கு நெஞ்சு காந்தும், தொண்டைக்குப் புளித்த தண்ணீர் ஏறும். 'கேஸ்' என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காலையில் குழம்பு மிளகாய் மேல் பழியைப் போடுவோம்.

மிளகாய்க்கும் பங்கு இருக்கலாம். நான் முதலில் சந்தேகப்படுவது எட்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் உள்ள அந்த அரை மணி நேரத்தைத்தான்.

[படம்: உணவுக்குழாயும் இரைப்பையும்]

இவை இரண்டும் சேரும் இடத்தில் வளையம் மாதிரி ஒரு தசை இருக்கிறது. விழுங்கும்போது திறக்கும், பிறகு இறுகிக்கொள்ளும். அது தளர்ந்தால் அமிலம் மேலே வரும். அமிலத்தைத் தாங்க இரைப்பையின் உட்சுவரில் கெட்டியான சளிப் படலம் உண்டு. உணவுக்குழாய்க்கு அந்த அளவு கவசம் இல்லை. உட்கார்ந்திருந்தால் மேலே வந்தது தானாக இறங்கிவிடும், விழுங்கும் எச்சிலும் கழுவிவிடும். படுத்துத் தூங்கினால் இறக்கமும் இல்லை, எச்சில் சுரப்பும் குறைவு.

அதனால் சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள். கம்பளிக்குத் தடை இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தும் போர்த்திக்கொள்ளலாம்.

அடுத்தது சரிவு. அதை மலைக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் ஆடாத மரக்கட்டை வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. கழுத்தும் இடுப்பும்தான் மடங்கும். வயிறு அழுந்தி அமிலத்தை இன்னும் மேலே தள்ளும். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் நல்லது. அப்படிப் படுக்கும்போது இரைப்பை கீழேயும் அதன் வாய் மேலேயும் இருக்கும்.

[காட்சி: தேயிலைச் சரிவு, மதிய நேரம்]

பகலிலும் ஒரு சிக்கல் உண்டு. மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டதும் இடுப்பில் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கவோ, குனிந்து கேரட் பிடுங்கவோ இறங்குகிறோம். வேலையை விட முடியாது, சரி. கட்டைக் கொஞ்சம் தளர்த்தலாம், ஒரே மூச்சில் சாப்பிடுவதை இரண்டாகப் பிரிக்கலாம்.

இப்போது வர்க்கி. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், அதை விடச் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் அது மைதாவும் கொழுப்பும். கொழுப்பு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் நகரும். நாலு மணிக்குச் சாப்பிடுங்கள், ராத்திரி வேண்டாம். ஊட்டி சாக்லேட்டும் புதினா மிட்டாயும் அந்த வளையத் தசையைத் தளர்த்தக்கூடியவை. சாப்பாட்டுக்கு மேல் போட்டுக்கொள்ள ஏற்றவை அல்ல. டீ, காபி, தக்காளி எல்லோரையும் படுத்துவதில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தாமல், ஒவ்வொன்றாக இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். பீடி, சிகரெட், மது பற்றி உங்களுக்கே தெரியும். தொப்பை இருந்தால் எடையைக் குறைப்பது பெரிய பலன் தரும்.

வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் எரிச்சல் வந்தால் கடை மாத்திரையோடு ஓட்டாமல் மருத்துவரைப் பாருங்கள். விழுங்கும்போது அடைத்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, ரத்த வாந்தியோ கறுப்பு மலமோ வந்தாலோ உடனே போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. நெஞ்சை அழுத்தி, வியர்த்து, கைக்கோ தாடைக்கோ வலி பரவினால் அதைக் கேஸ் என்று நினைத்து சோடா குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். மாரடைப்பாக இருக்கலாம். மலைப்பாதையில் இறங்கும் நேரமும் அதோடு சேரும். விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.