கண்ணாடித் தொட்டியில் கரியமில வாயு

நேயர்களுக்கு வணக்கம். சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் பச்சைப் பசேல் என்று செடிகள் வளர்ந்த ஒரு தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறவர் முதலில் கேட்பது, “வாயு சிலிண்டர் என்ன விலை?” என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

செடிக்குக் கரியமில வாயு வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் காற்றுப் படும்படி சும்மா வைத்த தண்ணீரில் அது லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவுதான் கரைந்திருக்கும். அதோடு, காற்றில் பரவும் வேகத்தைவிடப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் அது தண்ணீரில் பரவும். அதனால்தான் அடர்ந்த செடித்தொட்டி வைத்திருப்பவர்கள் 20 முதல் 30 மில்லிகிராம் வரை ஏற்றுகிறார்கள்.

எல்லாத் தொட்டிக்கும் அது தேவையா? தேவையில்லை. செடி எவ்வளவு வாயு கேட்கும் என்பதை முடிவு செய்வது விளக்கு. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பளீரென்று எரியவிட்டால் செடி பசியெடுத்துத் தவிக்கும். அந்த இடைவெளியில் பாசி புகுந்துவிடும். விளக்கை ஆறேழு மணி நேரமாகக் குறைத்தாலே பாதிப் பேருடைய தொல்லை தீர்ந்துவிடும். செலவும் இல்லை.

நம் பக்கத்து வீடுகளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது. அதைக் குறை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா போன்ற செடிகள் அந்தத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே தமக்கு வேண்டிய கார்பனை எடுத்துக்கொள்ளும். ஜாவா ஃபெர்னும் அனுபியாஸும் நிதானமாக வளர்பவை, அவற்றுக்கும் சிலிண்டர் அவசியமில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: மீஞ்சூர், எண்ணூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவியிருக்கிறது. கடினத்தன்மை வேறு, உப்புக் கரிப்பு வேறு. வாயில் கரிக்கும் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், தரையில் கம்பளமாகப் படரும் செடிதான் வேண்டும், சிவப்பு இலைதான் வேண்டும் என்பவர்கள் வாயு விடலாம். அப்போது எவ்வளவு கரைந்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவையும், அதிலுள்ள பைகார்பனேட்டைக் காட்டும் கார்பனேட் கடினத்தன்மையையும் வைத்துப் பார்க்கும் அட்டவணை ஒன்று உண்டு. கடினத்தன்மை 4 டிகிரி, பி.எச். 6.6 என்றால் சுமார் 30 மில்லிகிராம். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே ஒரு லாரியில் வந்த தண்ணீர் போல மறு லாரியில் வருவதில்லை. தொட்டியில் மரக்கட்டை வைத்திருந்தால் அதிலிருந்து இறங்கும் அமிலமும் கணக்கைக் கெடுத்துவிடும். ஆகவே எனக்கு நம்பிக்கை டிராப் செக்கர் என்ற சிறு கண்ணாடிக் குமிழில்தான். அதற்குள் இருப்பது தொட்டித் தண்ணீர் அல்ல. கடினத்தன்மை 4 டிகிரி என்று அளந்து தயாரித்து, பி.எச்.சுக்கு ஏற்ப நிறம் மாறும் சாயம் கலந்த கரைசல். நீலம் என்றால் வாயு குறைவு, பச்சை என்றால் போதும், மஞ்சள் என்றால் அதிகம். நிறம் மாற ஓரிரு மணி நேரம் ஆகும். ஆகவே குமிழைப் பார்த்து உடனுக்குடன் வால்வைத் திருகாதீர்கள். இன்று 30, நாளை 10 என்று ஏறி இறங்குவதைவிட, எந்நாளும் ஒரே 15 இருப்பது செடிக்கு நல்லது. இலை ஓரங்களில் கறுப்புத் தாடியாகத் தொங்கும் பாசி பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கத்தில்தான் வருகிறது.

சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்ட பாட்டிலை நான் பரிந்துரைக்காததும் அதனால்தான். நம் வெயிலில் அது முதல் சில நாள் பொங்கும், பிறகு படுத்துவிடும்.

மீனுக்கு வருவோம். கரியமில வாயு ஆக்சிஜனைத் துரத்திவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் தண்ணீரில் தனித்தனியாகத்தான் கரைகின்றன. சிக்கல் வேறு இடத்தில்: தண்ணீரில் வாயு மிகுந்தால் மீனின் ரத்தத்தில் இருக்கும் வாயு செவுள் வழியாக வெளியேற முடியாது, ரத்தம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும் திறனும் குறையும். கோடையில் இது இன்னும் மோசம். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் கரையும் ஆக்சிஜன், 32 டிகிரியில் 7.3 அளவுக்கு இறங்கிவிடும். இரவில் செடியும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஆகவே விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வாயுவைத் திறந்து, அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே டைமர் வைத்து நிறுத்துங்கள். வாயு வீணாகிறதே என்று நீரின் மேற்பரப்பை அசையாமல் வைப்பவர்கள் உண்டு. அது கஞ்சத்தனம். மேற்பரப்பு சலசலக்கட்டும், போகிற வாயுவுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்து விட்டுக்கொள்ளலாம். மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் வாயுவை மூடிவிட்டு ஏர் பம்ப்பைப் போடுங்கள். பதற்றத்தில் குளோரின் போகாத குழாய்த் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள்.

சிலிண்டர் விஷயத்தில் சென்னை வெயிலை மறக்கக்கூடாது. கரியமில வாயு 31 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக நிற்காது. மே மாதத்தில் பால்கனி வெயிலில் வைத்த சிலிண்டருக்குள் அழுத்தம் எங்கோ போய்விடும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் வந்துவிடும். எவ்வளவு மீதி இருக்கிறது என்பதற்கு அழுத்தமானியை நம்பாதீர்கள். உள்ளே திரவம் இருக்கும்வரை முள் பெரிதாக இறங்காது. எடை போட்டுப் பாருங்கள். மலிவான ரெகுலேட்டர்கள் சிலிண்டர் தீரும் தறுவாயில் மிச்ச வாயுவை ஒரேயடியாகத் தொட்டிக்குள் கொட்டிவிடுவது உண்டு. கடைசி வாரத்தை இழுத்துப் பிடிக்காமல் மாற்றிவிடுவது மீனுக்கு நல்லது.

கடைசியாக மின்வெட்டு. மின்சாரம் போனால் தானே மூடிக்கொள்ளும் சோலினாய்டு வால்வு இல்லாதவர்கள் வாயு விடவே வேண்டாம். பில்டர் நின்றுபோன தொட்டியில் வாயு மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் வேலையிலிருந்து பெரம்பூர் பாலத்தைத் தாண்டி வீடு வந்து சேர்வதற்குள் கதை முடிந்திருக்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் வாங்கி வையுங்கள். சிலிண்டருக்கு முன்பே அதை வாங்குங்கள். வணக்கம்.