பூனை இருக்கிற வீட்டில்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடத்துக்கு மேல் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவள் நான். பூனையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது முடியைப் பற்றித்தான். "பூனை முடி வயித்துக்குள்ள போனா இளைப்பு வருமாமே டாக்டர்?"

சோற்றில் விழுந்த முடியால் இளைப்பு வராது. பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிலும் ஒரு புரதம் இருக்கிறது. பூனை நாள் முழுக்க உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த எச்சில் காய்ந்து தூளாகிக் காற்றில் மிதக்கும், பாயிலும் தலையணையிலும் படியும். ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மல், கண் அரிப்பு, சிலருக்கு வீசிங் வருவது அதனால்தான். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், படுக்கிற அறைக்குள் பூனையை விடாதீர்கள்.

சரி, எனக்கு மறக்காத ஒன்றைச் சொல்கிறேன். ஒருநாள் மதியம் ஓர் அம்மா கட்டைப்பையோடு வந்தார். பைக்கு வெளியே இரண்டு காது மட்டும் தெரிந்தது. "மக மாசமா இருக்கா. பூனை இருந்தா கரு தங்காதுன்னு சொல்றாங்க. மார்க்கெட்ல விட்டுடலாம்னு கிளம்பினேன், மனசு கேக்கல" என்றார். கண் கலங்கியிருந்தது.

உட்காரவைத்துப் பேசினேன். அவர் கேள்விப்பட்டது முழுப் பொய் இல்லை. டாக்ஸோபிளாஸ்மா என்று ஓர் ஒட்டுண்ணி. கர்ப்பத்தின்போது முதல்முறையாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கலாம். எலி பிடித்துத் தின்ற பூனையின் மலத்தில் அது வெளியே வரும். ஆனால் பெரும்பாலும் பூனையின் ஆயுளில் ஒரே தடவைதான், அதுவும் ஓரிரு வாரம், மிஞ்சினால் மூன்று வாரம். வெளியே வந்ததும் அது தொற்றாது, ஒரு நாளாவது ஆக வேண்டும். அதனால் அன்றன்றைக்கு மலத்தை அள்ளிவிட்டால் பயம் பெரிதும் குறைந்துவிடும்.

"பூனை வெளிக்கு எங்கே போகும்?" என்றேன். கொல்லையில் மணல் தட்டு வைத்திருக்கிறார்களாம். அள்ளுவது? மகள்தானாம். "இனிமேல் நீங்கள் அள்ளுங்கள், தினமும்" என்றேன். மடியில் வைத்துத் தடவுவதால் இது சுலபமாக வந்துவிடாது. மண் ஒட்டிய கீரை, அரைவேக்காட்டுக் கறி, செடிக்கு மண் கிளறிய கை, இவற்றில்தான் கவனம் வேண்டும். வீடு கட்டக் கொட்டிய மணல் குவியலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெருப் பூனைகளுக்கு அதுதான் கழிப்பிடம், நம் பிள்ளைகள் விளையாடுவதும் அங்கேதான். கை கழுவாமல் சாப்பிட விடாதீர்கள். அந்த வீட்டில் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அப்புறம் அதே கட்டைப்பையில் பூனையைத் தடுப்பூசிக்குக் கொண்டுவந்தார் அந்த அம்மா.

நேரம் முடியப் போகிறது என்று இங்கே கை காட்டுகிறார்கள். குட்டிப் பூனையிடமிருந்து படர்தாமரை ஒட்டும், அது மருந்தில் போய்விடும். பூனை பிறாண்டிச் சில நாள் கழித்து அக்குளில் நெறி கட்டினால் மருத்துவரிடம் பிறாண்டியதைச் சொல்லுங்கள். பூனைக் கடி சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், பல் ஆழமாக இறங்கிச் சீழ் வைக்கும். எல்லாவற்றையும்விட, வெறிநோய் நாயிடமிருந்து மட்டும் வருவதில்லை, பூனையிடமிருந்தும் வரும். வந்துவிட்டால் காப்பாற்றுவது அரிது. கடித்தாலும் பிறாண்டினாலும் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். முதல் ஊசியோடு நிறுத்திவிடாமல், சீட்டில் எழுதிக் கொடுத்த தேதிகளிலெல்லாம் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.