முதுமையில் எழுதும் பத்திரம்: எது செல்லும், எது செல்லாது?

[திரையில்: சார்பதிவாளர் அலுவலகம். விரல் ரேகைக் கருவியின் மேல் ஒரு வயதான கட்டைவிரல்.]

எழுபது வயதைத் தாண்டிய ஒரு தாய், தன் பெயரில் உள்ள வீட்டை மகனுக்குத் தான செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை இனாமாகக் கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுக்கிறார். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம்தான். 2023 ஜூலையில் கட்டணம் உயர்ந்த பிறகும் தீர்வைக்கு உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய். செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடிந்துவிடும். உயில் எழுதினாலே போதும் என்கிற இடத்திலும் பலர் செட்டில்மென்ட்டுக்குப் போவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் உயிலை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்தும் போடலாம். செட்டில்மென்ட் அப்படியல்ல. பெற்றவர் ஏற்றுக்கொண்ட நிமிடத்திலிருந்து சொத்து அவருடையது. அம்மா மட்டும் தனியாகப் பதிவு அலுவலகம் போய் "ரத்து செய்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் அது செல்லாது.

முதியோரின் சொத்து பற்றிய ஆய்வுகளைச் சட்டக் கல்லூரி ஒரு பக்கமும், முதியோர் மருத்துவம் இன்னொரு பக்கமும் நடத்துகின்றன. நிதித் துறையும் மதத் தனிச்சட்டமும் தத்தம் வழியில் போகின்றன. வழக்கு மட்டும் எப்போதும் இந்த நான்கும் சந்திக்கிற இடத்தில்தான் வெடிக்கிறது. அந்த இடங்களைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

[திரையில்: 2007-ஆம் ஆண்டுச் சட்டம், 23-ஆம் பிரிவு]

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007. அறுபது வயது நிறைந்த இந்தியக் குடிமக்கள் எல்லோருக்கும், எந்த மதத்தவராக இருந்தாலும், இது பொருந்தும். இதன் 23-ஆம் பிரிவு சொல்வது இது: "அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனையோடு ஒருவர் சொத்தைக் கொடுக்கிறார், வாங்கியவர் கவனிக்கவில்லை என்றால், அந்தப் பத்திரம் மோசடியாலோ மிரட்டலாலோ தகாத செல்வாக்காலோ எழுதப்பட்டதாகவே கருதப்படும். கொடுத்தவர் கேட்டால் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம்.

சிக்கல் முழுவதும் "நிபந்தனையோடு" என்ற சொல்லில்தான் இருக்கிறது. நம் ஊர்ப் பத்திரங்களில் வழக்கமாக வருகிற வரி, "தங்கள் மீது எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்பது. அதில் நிபந்தனை எங்கே இருக்கிறது? 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இல்லாத பத்திரத்துக்கு 23-ஆம் பிரிவு உதவாது என்று சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவரின் வழக்கில் அதே நீதிமன்றம், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லித் தானப் பத்திரத்தை ரத்து செய்தது. அந்த ஆண்டு மார்ச்சில் நாகப்பட்டினம் வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், அன்பும் பிரியமும் என்று எழுதியிருந்தாலே கவனித்துக்கொள்ளும் நிபந்தனை அதற்குள் அடக்கம் என்றது.

மூன்று தீர்ப்புகளும் மூன்று நிறம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தனக்குத் தோதானதைத்தான் எடுத்துப் போடுவார். வாதாடி ஜெயிக்கலாம் என்று விட்டுவைப்பதைவிட, பத்திரத்திலேயே இரண்டு வரி சேர்ப்பது எவ்வளவோ மேல்.

[திரையில்: பத்திரத்தின் மூன்றாம் பக்கம், ஒரு பத்தி பெரிதாகிறது.]

"செட்டில்மென்ட் பெறுபவர், எழுதிக் கொடுப்பவரின் ஆயுள்காலம் முழுவதும் அவருக்கு உணவு, உடை, இருப்பிடம், மருத்துவச் செலவு ஆகியவற்றைச் செய்துவர வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டே இச்சொத்து கொடுக்கப்படுகிறது. தவறினால் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்கீழ் இப்பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கக் கோரும் உரிமை எழுதிக் கொடுப்பவருக்கு உண்டு."

இதில் மூன்று விதமாகத் தவறு நடக்கிறது. பாதுகாப்பு என்று நினைத்து, "எனக்குத் தோன்றும்போது ரத்து செய்துகொள்வேன்" என்று எழுதுவது முதல் தவறு. கொடுத்தவரின் இஷ்டப்படி மட்டுமே ரத்தாகும் தானம், 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 126-ஆம் பிரிவுப்படி செல்லாது. இன்னொன்று, நிபந்தனையைத் தனியாக ஒரு முத்திரைத்தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்வது. அது வில்லங்கச் சான்றில் வராது. மத்தியப் பிரதேச வழக்கிலும் தானப் பத்திரத்தோடு தனியாக ஓர் உறுதிமொழித் தாள் எழுதப்பட்டிருந்தது. அது போலி என்று மகன் தரப்பு வாதிட்டது. தாய் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் மீள முடிந்தது. மூன்றாவது, ஆயுள்கால அனுபவ உரிமையை மட்டும் எழுதிவிட்டுக் கவனிப்பை மறப்பது. அனுபவ உரிமை இருந்தால் வீட்டை விட்டு யாரும் விரட்ட முடியாது, சரி. சோறும் மாத்திரையும் அதில் வராது. இரண்டையும் எழுதுங்கள்.

[திரையில்: மருத்துவரின் சான்றிதழ், ஒற்றை வரி.]

அடுத்து மனநிலை. "இவர் நல்ல மனநிலையில் உள்ளார்" என்று ஒரு வரி எழுதி முத்திரை குத்திய சான்றிதழுக்கு நீதிமன்றத்தில் பெரிய மதிப்பு கிடையாது. லாசி எனப்படும் தேசிய முதுமை ஆய்வின் டெமென்ஷியா பிரிவு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஆனால் நோய் இருக்கிறது என்பதாலேயே பத்திரம் விழுந்துவிடாது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு, மனநலம் குன்றியவரும் தெளிவாக இருக்கும் நேரத்தில் உயில் எழுதலாம் என்கிறது. கேள்வி ஒன்றுதான்: அந்த நாளில், அந்த நேரத்தில், இந்தக் குறிப்பிட்ட முடிவைப் புரிந்துகொண்டாரா?

மருத்துவர் கேட்க வேண்டியதும் அதுதான். என்ன சொத்து, யாருக்குப் போகிறது, யாருக்குப் போகவில்லை, கொடுத்த பிறகு திரும்பி வராது என்பது தெரியுமா, ஏன் இந்தப் பிள்ளைக்கு? பதில்களை முதியவரின் வாய்ச்சொல்லாகவே எழுத வேண்டும். தேதி, நேரம், அன்று சாப்பிட்ட மருந்துகள், அறையில் யார் இருந்தார்கள் என்பதும் வேண்டும். பத்திரத்தால் லாபம் அடைபவர் அறைக்கு வெளியே இருக்க வேண்டும்.

நினைவாற்றலையும் சிந்தனைத் திறனையும் அளக்கும் எம்.எம்.எஸ்.இ. என்ற 30 மதிப்பெண் சோதனையை மட்டும் நம்புவதில் ஓர் ஆபத்து உண்டு. அதில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வார்கள். பள்ளிக்கூடமே போகாத பாட்டி அங்கேயே மதிப்பெண் இழப்பார். ஆனால் நாலு வயல், இரண்டு கிணறு, பங்காளி எல்லை எல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருக்கும். காது மந்தமானவர் கேள்வி காதில் விழாமல் ஏதோ பதில் சொன்னால், அதையும் குழப்பம் என்று குறித்துவிடுவார்கள். காதுக் கருவியை மாட்டிவிட்டுக் கேளுங்கள்.

மருத்துவமனையில் படுத்திருக்கும்போது எழுதுவது இதைவிட மோசம். சிறுநீர்த் தொற்று, உடலில் சோடியம் குறைவது, தூக்க மாத்திரை போன்றவற்றால் டெலிரியம் என்ற திடீர்க் குழப்பம் வரும். காலையில் தெளிவாகப் பேசுபவர் மாலையில் ஆளையே அடையாளம் தெரியாமல் இருப்பார். காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆகவே அவசரப்பட்டு சார்பதிவாளரைக் கட்டிலருகே வரவழைப்பதைவிட, முடிந்தால் காத்திருப்பதே நல்லது.

[திரையில்: மூன்று மதங்களின் தனிச்சட்டங்கள்]

மதம் இங்கே எங்கே வருகிறது? சாகும் தறுவாயில் கொடுக்கும் கொடையை மனிதர்கள் எப்போதுமே சந்தேகத்தோடுதான் பார்த்திருக்கிறார்கள். மதச் சட்டங்களில் அந்தச் சந்தேகம் அப்படியே பதிந்திருக்கிறது.

இஸ்லாமியச் சட்டத்தில் அது மிகத் தெளிவு. ஹிபா, அதாவது தானம், செல்ல மூன்று வேண்டும்: கொடுப்பதாக அறிவிப்பது, ஏற்பது, சொத்தின் அனுபவத்தை ஒப்படைப்பது. எழுத்தே தேவையில்லை, வாய்மொழியே போதும். ஆனால் மர்ளுல் மவுத், அதாவது மரண நோயில் கொடுத்த ஹிபா, கடன் போக மூன்றில் ஒரு பங்கு வரைதான் செல்லும். வாரிசு ஒருவருக்கே கொடுத்தால் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். எது மரண நோய்? சாவு நெருங்கிவிட்டது என்ற அச்சம் நோயாளிக்கு இருக்க வேண்டும், அன்றாட வேலை செய்ய முடியாத நிலை போன்ற வெளி அடையாளமும் வேண்டும். ஓராண்டுக்கு மேல் இழுத்துப் பழகிப்போன நோயைப் பொதுவாக அப்படிக் கருதுவதில்லை. இந்த அளவுகோல் டயாலிசிஸ் காலத்துக்கு முந்தையது. வாரம் மூன்று முறை இயந்திரத்தில் படுத்துப் பல ஆண்டு வாழ்பவரை எந்தப் பட்டியலில் வைப்பது? சட்டமும் மருத்துவமும் சேர்ந்து ஆராய வேண்டிய கேள்வி இது.

இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஹனபி மத்ஹபில் ஹிபாவோடு நிபந்தனை போட்டால் நிபந்தனை விழும், ஹிபா நிற்கும். 23-ஆம் பிரிவோ நிபந்தனையைத்தான் கேட்கிறது. அதே 2007 சட்டத்தின் 3-ஆம் பிரிவு, முரண்பட்டால் இந்தச் சட்டமே மேலோங்கும் என்கிறது. முஸ்லிம் குடும்பங்களும் நிபந்தனையைப் பதிவுப் பத்திரத்தில் எழுதுவதே பாதுகாப்பு.

கிறிஸ்தவர்களுக்கு 1925 சட்டத்தின் 118-ஆம் பிரிவு இருந்தது. நெருங்கிய உறவினர் உள்ளவர் தேவாலயத்துக்கோ தருமத்துக்கோ உயிலில் சொத்து எழுதினால், சாவதற்கு 12 மாதத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். கேரளப் பாதிரியார் ஒருவர் தொடுத்த வழக்கில் 2003-ல் உச்ச நீதிமன்றம் இதைப் பாகுபாடு என்று ரத்து செய்தது.

இந்துக் குடும்பங்களில் கேள்வியே வேறு: சொத்து சுயார்ஜிதமா (தானே சம்பாதித்ததா), கூட்டுக் குடும்பச் சொத்தா? கூட்டுக் குடும்பச் சொத்தில் புண்ணிய காரியத்துக்கு நியாயமான சிறு பங்கைக் கொடுக்கலாம். அன்பினால் ஒருவருக்குக் கொடுப்பது புண்ணிய காரியமாகாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

[திரையில்: கோட்டாட்சியர் அலுவலகம், மனு வாங்கும் மேசை]

கவனிப்பு நின்றுவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். முதியவரால் முடியாவிட்டால் அவர் அனுமதித்த வேறொருவரோ தொண்டு நிறுவனமோ கொடுக்கலாம். சட்டத்தின் 17-ஆம் பிரிவு வழக்கறிஞர் ஆஜராவதைத் தடுக்கிறது, ஆகவே மனுவை எளிய தமிழில் எழுதினாலே போதும். பத்திரத்தின் சான்றிட்ட நகல், வில்லங்கச் சான்று, வயதுச் சான்று, மருத்துவ ரசீதுகள், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். மகனிடமிருந்து பணம் எந்த மாதத்தோடு நின்றது என்பதை வங்கிக் கணக்கு காட்டிவிடும். பத்து பக்கக் கதையைவிட அது பேசும்.

பராமரிப்புத் தொகையும் சேர்த்துக் கேட்கலாம். 2007 சட்டம் வைத்த உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் பராமரிப்பு மனுவை முடிக்க வேண்டும்; தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் 30 நாள். மனு தோற்றால் 60 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு.

ரத்து உத்தரவு கிடைத்ததும் பலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். உத்தரவை சார்பதிவாளரிடம் கொடுத்துப் பதிவில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் வில்லங்கச் சான்றில் சொத்து இன்னமும் மகன் பெயரிலேயே நிற்கும், அவர் அதைக் காட்டி விற்கவும் அடமானம் வைக்கவும் முடியும். பட்டாவும் தானாக மாறாது. அதற்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் தனி மனு கொடுக்க வேண்டும்.