சரக்கைக் கப்பலேற்றியது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 1967-இல் சீனக் கம்யூனிஸ்ட் ஆதரவாளர்கள் அரசுக்கு எதிராக நடத்திய கலவரத்தின்போது பிரிட்டிஷ் ஹாங்காங் மீது வெளிநாட்டார் வைத்திருந்த நம்பிக்கையைக் காப்பாற்றியது அரசின் கண்டிப்பும் விளம்பரமுமா, உள்ளூர் மக்களா? மக்களே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஆளுநர் டேவிட் டிரெஞ்சின் உறுதியைப் புகழ்ந்தார். அந்த ஆண்டின் பிற்பகுதியில் உள்ளூர்ப் பொருட்களை விளம்பரப்படுத்த நடந்த 'ஹாங்காங் வார' விழாவைக் கொண்டாடினார். தெருவில் வெடிகுண்டு கிடந்த காலம் அது. கலவரக்காரர்களை வானொலியில் கண்டித்துப் பேசிய லாம் பன்னைத் தீ வைத்துக் கொன்றார்கள். மொத்தம் 51 உயிர்கள் போயின. போலீஸ் தேவையில்லை என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால், லண்டனில் இருந்துகொண்டு ஆர்டர் கொடுத்த வியாபாரிக்கு ஒரே கவலைதான்: சரக்கு சொன்ன நாளில் கப்பலேறுமா? ஜூன் மாதம் பொது வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு வந்தது. போக்குவரத்து தடுமாறியது. அந்தக் கோடையில் தண்ணீரோ நாலு நாளைக்கு ஒருமுறை, நாலு மணி நேரம். அப்படியும் பெரும்பாலானவர்கள் வேலைக்குப் போனார்கள், ஐயா! சீனாவிலிருந்து உயிர் பிழைக்க ஓடிவந்த அகதிகள் அவர்களில் எத்தனையோ பேர். அவர்கள் ஆலைக்குள் கால் வைக்காமல் இருந்திருந்தால், எந்த அறிக்கை சரக்கை ஏற்றியிருக்கும்?

விளம்பரமே போதும் என்றால், கலவரம் அடங்கியபின் அரசு ஏன் இத்தனை செய்தது? 1968-இல் தொழிலாளருக்கு வேலைவாய்ப்புச் சட்டம். அதே ஆண்டு, மக்கள் குறையை நேரில் கேட்க வட்டார அதிகாரிகள். 1971-இல் கட்டாய இலவசத் தொடக்கக் கல்வி. சீன மொழி ஆட்சிமொழியாக 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெரும்பான்மை மக்கள் பேசுகிற மொழி அது!

எதிரணியினர் ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். 1966 ஏப்ரலில் ஸ்டார் ஃபெரி படகுக் கட்டணத்தை 5 காசு உயர்த்துவதை எதிர்த்து ஓர் இளைஞர் உண்ணாவிரதம் இருந்தார், ஹாங்காங்கின் கவுலூன் பகுதி கொந்தளித்தது. ஊரடங்கு போட்டார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தார்கள். அரசுக்கும் மக்களுக்கும் இடையே இடைவெளி இருப்பதை விசாரணைக் குழுவே சுட்டிக்காட்டியது. கண்டிப்பு நம்பிக்கையைக் காக்கும் என்றால், பதின்மூன்றே மாதத்தில் சான் போ காங் பிளாஸ்டிக் பூ ஆலையில் தொடங்கிய தொழிலாளர் தகராறு 1967 கலவரமாகி ஊரையே பற்றிக்கொண்டது எப்படி?