ஏறி இறங்கும் நெட்: எல்லாருக்கும் பங்கு

நேயர்களுக்கு வணக்கம். வேலூர் சிஎம்சியைச் சுற்றி, காந்தி ரோட்டிலும் பாபுராவ் தெருவிலும் இருக்கும் லாட்ஜுகளில் மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். ஊரில் விட்டுவந்த பிள்ளையின் முகத்தை அவர்கள் பார்ப்பது வீடியோ காலில்தான். அந்த நேரத்தில் பக்கத்து அறையில் ஒருவர் சினிமா டவுன்லோடு போட்டால், இங்கே படம் அப்படியே நின்றுவிடுகிறது. இதைத் தடுக்க முடியும். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சிம் போட்ட 4ஜி ரவுட்டரை வைத்து நெட் கொடுக்கும் இடங்களில் சிக்கல் அதிகம். டவரின் திறனை அந்தப் பகுதியில் உள்ள எல்லா போன்களும் பங்கு போடுகின்றன. அதனால் விடியற்காலையில் 40 எம்பிபிஎஸ் (நெட் வேகத்தின் அளவு) வரும் இடத்தில் இரவு எட்டு மணிக்கு 8 வந்தாலே பெரிது. பலர் செய்வது, ஆளுக்கு 2 எம்பிபிஎஸ் என்று கட்டிவிடுவது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆள் இல்லாத நேரத்தில் மிச்சம் வீணாகிறது. எட்டு மணிக்குப் பத்துப் பேர் சேர்ந்தால் 20 வேண்டும், லைனில் இருப்பதோ 8. கட்டியும் பயனில்லை.

மளிகைக் கடையில் ஒருவர் மாத லிஸ்ட்டை நீட்டும்போது, தீப்பெட்டி கேட்டு வந்தவரை நல்ல கடைக்காரர் காக்க வைக்க மாட்டார். நெட்டிலும் அப்படி முறைவைத்து அனுப்பலாம் என்று ஜான் நேகிள் என்ற கணினி வல்லுநர் 1985-லேயே எழுதினார். நெட்டில் தகவல் பேக்கெட்டுகள் என்ற சிறு துண்டுகளாகத்தான் போகிறது; அவை வரிசையில் தேங்கிக் கிடக்கவே விடக் கூடாது என்று 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் ஒரு வழி சொன்னார்கள். காத்திருக்கும் நேரம் 5 மில்லி செகண்டுக்குக் கீழே இறங்காமலே நீடித்தால், சில பேக்கெட்டுகளை விட்டுவிடுவது. அனுப்புகிற பக்கம் அதைப் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைக்கும். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யும் 'கேக்' என்ற மென்பொருள் 2018 முதல் லினக்ஸ் இயங்குதளத்திலேயே இருக்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற, ரவுட்டருக்கான லினக்ஸைப் போட்ட ரவுட்டரில் இலவசமாகக் கிடைக்கும்.

கேக் இணைப்புவாரியாக மட்டும் பார்க்காமல் ஆள்வாரியாகவும் பங்கு போடும். ஒரே போன் இருபது இணைப்பு திறந்து டவுன்லோடு செய்தாலும் அதற்கு ஒரு பங்குதான். ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் 'நேட்' என்ற விருப்பத்தைப் போட மறக்காதீர்கள். இல்லையென்றால் எல்லா அறையும் ஒரே முகவரியாகத் தெரிந்து, கணக்கு குழம்பிவிடும். இரண்டு போன் வைத்திருப்பவருக்கு இரண்டு பங்கு போகும்தான். அதை நான் பெரிதாக எடுப்பதில்லை.

சரி, ஏறி இறங்கும் லைனுக்கு, வேக வரம்பு என்று கேக்கிடம் எந்த எண்ணைக் கொடுப்பது? வரிசை நம் ரவுட்டரிலேயே நின்றால்தான் கேக் அதை முறைப்படுத்த முடியும்; அதற்கு, லைனின் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாகக் கொடுக்க வேண்டும். 40 வரும் நேரத்தை வைத்து 36 என்று கொடுத்துவிட்டு லைன் 8-க்கு இறங்கினால், வரிசை டவர் பக்கம் போய்விடும். அங்கே நம் பேச்சு எடுபடாது. 7 என்று கொடுத்தால் விடியற்காலை வேகம் அத்தனையும் வீண். அதனால் தாமதத்தைத்தான் கவனிக்க வேண்டும். வெளியில் உள்ள சில சர்வர்களுக்கு ஓயாமல் பிங் (பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கும் சிறு செய்தி) அனுப்பி, பதில் தாமதமானால் வேகத்தைக் குறைத்து, சீரானதும் மெல்ல ஏற்றும் ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) இருக்கிறது. 'கேக் ஆட்டோரேட்' என்று பெயர். குறைந்தபட்சம், அடிப்படை, அதிகபட்சம் என்ற வேகங்களை நாம் சொல்லிவிட்டால், நடுவில் அதுவே பார்த்துக்கொள்ளும்.

லாட்ஜ், ஹாஸ்டல் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ரவுட்டர் அமைக்க வருபவர் ஸ்பீடு டெஸ்ட் காட்டினால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். இரவு எட்டு மணிக்கு ஒரு போனில் பெரிய டவுன்லோடைப் போட்டுவிட்டு, இன்னொரு போனில் வீடியோ கால் பேசிப் பாருங்கள். குரல் தடங்கலில்லாமல் வந்தால் மட்டும் பணத்தைக் கொடுங்கள். வணக்கம்.